செவ்வாய், வெள்ளி காலை ஏழு மணி

லாரி வருமென்று சொன்ன நேரம் கடந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. தெருவில் நிழல் என்று இருந்தது மின்கம்பத்தின் நிழல் ஒன்றுதான். அந்த ஒற்றைக் கோட்டில் ஐந்து பெண்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டி நின்றார்கள். மற்றவர்கள் வெயிலில். பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தைப் பிடித்தால் கை சுட்டது.

டேங்க்கம்மாவுக்கு இரண்டு குடம் முன்னால் நின்ற தையற்காரி, திரும்பிப் பார்க்காமலே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

"பதினோரு நாளா குழாயைத் திறந்தா காத்துதான் வருது. ஒரு ஆளு தூங்கினதுக்கு ஊரே காய வேண்டியிருக்கு."

"தூங்கினாரா? யாரு?"

"உனக்குத் தெரியாதாக்கும். பூச்சிக்காரர்தான். காலை நீட்டிப் படுத்துட்டாராம். காத்து மிஷினு நின்னதுகூடத் தெரியலையாம். பூச்சியெல்லாம் மூச்சு முட்டிச் செத்துப்போச்சாம்."

பின்னால் நிற்பது பூச்சிக்காரரின் மனைவி என்று இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் பேசினார்கள்.

"மிஷினு நிக்கல," என்றாள் டேங்க்கம்மா. "நின்னிருந்தா அங்க புக்குல இருக்கும். போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்க."

"நாங்க எதுக்கும்மா போய்ப் பாக்கணும்? ஆபீஸ்லயே சொல்றாங்க."

"ஆபீஸ்ல யாரு?"

தையற்காரி குடத்தைக் காலால் அரை அடி முன்னால் தள்ளினாள்.

லாரி வந்தது. ஆளுக்கு இரண்டு குடம் என்றார்கள். டேங்க்கம்மாவின் முதல் குடம் நிரம்பியதும், குழாய் பிடித்தவன் அதை அடுத்தவள் குடத்துக்குத் திருப்பிவிட்டான். இன்னொன்று இருக்கிறதே என்று கேட்டாள். "உங்க வீட்டுக்கு இது போதும்," என்றான் அவன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு குடத்தை இடுப்பில் ஏற்றி, காலிக் குடத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தாள். வீடு வரைக்கும் அந்தக் காலிக் குடம் அவள் முட்டியில் இடித்துக்கொண்டே வந்தது.

டேங்க்கம்மா என்ற பெயர் அவளுக்குப் பால் ஆலையில் வந்தது. ஆள் குட்டை, ஒல்லி. பால் நிரப்பும் எவர்சில்வர் தொட்டிகளின் மேல்வாய் ஒரு பெரிய தாம்பாளத்தின் அகலம்தான் இருக்கும். தோளைச் சாய்த்து அதற்குள் நுழைந்து, உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவ அவளை விட்டால் அங்கே ஆள் கிடையாது. பதினான்கு வருஷமாக அதே வேலை. குழாய்களிலும் தொட்டிகளிலும் முதலில் காஸ்டிக் சோடா என்ற காரம் கலந்த சுடுநீர் ஓடும், அதன்பின் ஆசிட், அதன்பின் கிருமி மருந்து. அவை தொடாத மூலை முடுக்கெல்லாம் அவள் கைக்கு. விரல் நுனிகளில் ரேகை அழிந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆலையில் கைரேகை வைத்து வருகை பதியும் மிஷின் வந்தபோது அவளை மட்டும் அது ஆள் என்றே ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் புருஷனுக்குப் பூச்சிக்காரர் என்ற பெயரை ஊர் வைத்தது. அந்த ஊரில் வருஷத்துக்கு நாலு நாள் மழை பெய்தால் நல்ல வருஷம். ஆறு கிடையாது, ஏரி கிடையாது, கிணற்று நீர் உப்புக் கரிக்கும். ரயிலில் வந்த தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு மேற்கே அந்தச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. வீட்டுச் சாக்கடையெல்லாம் அங்கே போகும். கம்பி வலையில் குப்பை நிற்கும். அடுத்து பெரிய தொட்டிகள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதில் கோடி கோடியாக இருந்து அழுக்கைத் தின்னும். அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு நூல் நூலாகத் தொங்கும் சவ்வுக் குழல்கள் தண்ணீரை மட்டும் உறிஞ்சி எடுக்கும். அதற்கப்புறம் உப்பைப் பிரிக்கும் இன்னொரு சவ்வு, கடைசியில் கிருமியைக் கொல்லும் நீல விளக்கு. வெளியே வரும் நீர் மேட்டுத் தொட்டிக்கு ஏறி, கிணற்று நீரோடு கலந்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் குழாயில் வந்தது. முதல் வருஷம் ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் வருஷம் டீ நன்றாக இருக்கிறது என்றது. அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மிஷின்களைவிட உள்ளே இருக்கும் உயிர்கள்மேல்தான் அவருக்குக் கண். பள்ளிக்கூடம் லீவு விட்டுச் சாக்கடை வரத்து குறைந்தால், "நம்ம பிள்ளைங்களுக்கு இன்னிக்குச் சோறு குறைச்சல்" என்பார். தினமும் ஒரு கண்ணாடி உருளையில் தொட்டி நீரை மொண்டு வைத்து, அரை மணி நேரம் அது படிவதை உட்கார்ந்து பார்ப்பார். பழுப்பு வண்டல் ஒரே சீராக இறங்கி, மேலே தெளிவு நின்றால் அன்று முழுக்க நல்ல மூச்சு. ஆரோக்கியமான தொட்டிக்கு மழை விழுந்த மண்ணின் வாசம் உண்டு. அந்த ஊரில் அந்த வாசம் வேறு எங்கேயும் கிடைக்காது. அவர் சட்டையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வீடு வரும்.

மூன்று மாதமாகவே அவை சுகமாக இல்லை. வண்டல் படியாமல் கலங்கி நின்றது. சில காலைகளில் தொட்டியில் வெள்ளை நுரை எழும்பும். நுழைவாயிலில் நீரின் காரத்தன்மையைக் காட்டும் மீட்டர் திடீரென்று உச்சிக்கு ஏறி, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். எங்கிருந்தோ காரம் வருகிறது என்று அவர் இன்ஜினியருக்கு மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்றார் இன்ஜினியர். கடைசியாக ஒரு செவ்வாய்க்கிழமை நுரை கைப்பிடிக் கம்பியைத் தாண்டி நடைபாதையில் வழிந்தது. தொட்டி சாம்பல் நிறமானது. இரண்டு நாளில் அழுகின வாடை எழுந்தது. சவ்வுக் குழல்களில் கொழுப்பு மெழுகு மாதிரி அப்பிக்கொண்டது. நிலையம் நின்றது. பூச்சிக்காரரைத் தற்காலிக நீக்கம் செய்தார்கள். தூங்கிவிட்டார் என்ற பேச்சு அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

டேங்க்கம்மா குடத்தை இறக்கியபோது, வீட்டில் நாத்தனார் அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். பூச்சிக்காரருக்கு மூத்தவள். புருஷன் போனபின் தம்பி வீட்டோடு இருந்துகொண்டு பஸ் நிலையத்தில் டீக்கடை நடத்தினாள். தண்ணீர் இல்லாமல் கடை சாத்திக் கிடந்தது.

"ஒரு குடமா?" என்றாள் நாத்தனார்.

"நமக்கு இது போதுமாம், அண்ணி."

"யாரு சொன்னது? குழாய் பிடிக்கிறவனா? கடன் சொல்லிக் குடிச்ச டீயெல்லாம் அவன் வயித்துல இன்னும் கிடக்கு. வரட்டும்."

பூச்சிக்காரர் கட்டிலில் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜினியர் கொடுத்தனுப்பியது. காற்றூதி நின்றதைக் கவனிக்கத் தவறினேன் என்று ஒப்புக்கொள்கிறேன், அவ்வளவுதான் வாசகம். கீழே கையெழுத்துக்கு இடம்.

"போட்டா மூணு மாசத்துல திரும்ப எடுத்துக்குவாங்களாம். போடலைன்னா விசாரணை வச்சு ஒரேயடியா அனுப்பிடுவாங்களாம்," என்றார்.

"போடப்போறீங்களா?"

"காத்து நிக்கல. நான் எப்படிப் போடுறது?"

"போடாதடா தம்பி," என்றாள் நாத்தனார். "போட்டா நீ செத்தப்புறமும் தூங்கினவன்னுதான் பேரு இருக்கும்."

அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "மீட்டர் கெட்டுப்போச்சுன்னா எப்ப வேணும்னாலும் ஏறணும். இது நேரம் தவறாம ஏறியிருக்கு. பாரு. செவ்வாய் ஏழே முக்கால். வெள்ளி ஏழு நாப்பது. மறு செவ்வாய் ஏழே முக்கால். இருபத்தி மூணு தடவை எழுதியிருக்கேன். எங்கேயோ ஒரு ஆளு வாரத்துல ரெண்டு நாளு ஏழு மணிக்குக் கரெக்டா திறந்துவிடுறான். ஊருக்குள்ள இருந்து குழாய்ல இங்க வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். சலவைக்கூடமா, ஆஸ்பத்திரியா, பஸ் ஷெட்டா, தெரியல. உங்க ஆலைல கழிவுத் தண்ணிக்குப் பின்னாடி சொந்தத் தொட்டி இருக்குல்ல?"

"இருக்கு," என்றாள் டேங்க்கம்மா. வாய் சொன்னது. கை கஞ்சித் தட்டோடு அப்படியே நின்றது.

கழுவிய தண்ணீரெல்லாம் ஆலைத் தரைக்குக் கீழே ஒரு குழியில் சேரும். செவ்வாயும் வெள்ளியும், ஏழு மணிச் சங்கு ஊதியதும், அந்தக் குழியின் வால்வுச் சக்கரத்தைப் பன்னிரண்டு சுற்றுத் திருப்பித் திறந்துவிடுவது அவள்தான். முன்பெல்லாம் பச்சைச் சக்கரம். மூன்று மாதத்துக்கு முன்னால் சூப்பர்வைசர், இனிமேல் இந்தச் சிவப்புச் சக்கரம், இதுவும் பின்னாடி தொட்டிக்குத்தான் போகிறது என்று சொல்லியிருந்தார். நிலையத்தில் நுரை வழிந்த அந்தச் செவ்வாயன்று குளிர்சாதனம் கெட்டு ஒரு தொட்டிப் பால் முழுக்கத் திரிந்துபோனது. பத்தாயிரம் லிட்டர். அதையும் அந்தக் குழியில்தான் இறக்கச் சொன்னார். திரிந்த பால் உருண்டை உருண்டையாகப் போவதைப் பார்த்துக்கொண்டே அவள்தான் திறந்துவிட்டாள்.

அன்று அவள் கஞ்சி குடிக்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவள் ஆலையின் பின்பக்கம் போனாள். பதினான்கு வருஷத்தில் அங்கே போக வேண்டிய வேலை வந்ததில்லை. இரும்பு ஏணியில் ஏறி, சொந்தத் தொட்டி என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் வண்டல் காய்ந்து ஓடு ஓடாக வெடித்திருந்தது. ஒரு மூலையில் காற்று கொண்டுவந்து போட்ட மணல் குவிந்திருந்தது. உடைந்த சுவர் வழியாக உள்ளே போன நாய் ஒன்று அந்த மணலில் நாலு குட்டி போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. குழித் தண்ணீரை இதில் ஏற்றும் மோட்டார் இருந்த இடத்தில் நாலு போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

ஏணியிலிருந்து இறங்கி நேராகச் சூப்பர்வைசரின் மேசைக்குப் போனாள்.

"சார், சிவப்புச் சக்கரம் எங்க போகுது?"

அவர் டிபன் பெட்டியை மூடினார். "எங்க போனா உனக்கென்ன?"

"பின்னாடி தொட்டி காஞ்சு கிடக்கு. நாய் குட்டி போட்டிருக்கு."

"மோட்டார் ரிப்பேருக்குப் போயிருக்கு. வந்ததும் மாட்டுவாங்க. அதுவரைக்கும் ஊர்க் குழாய்ல போகுது. ஊருக்கு அவ்வளவு பெரிய நிலையம் எதுக்குக் கட்டினாங்க? அழுக்கைச் சுத்தம் பண்ணத்தானே?"

"அது வீட்டு அழுக்குக்கு, சார். காஸ்டிக்குக்கு இல்ல. எங்க வீட்டுக்காரரைத் தூங்கினார்னு சொல்லி வேலையை விட்டு நிறுத்தியிருக்காங்க."

"தெரியும்." குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரும்மா. நம்ம முதலாளியும் நகரசபைத் தலைவரும் சம்பந்திங்க. இன்ஜினியருக்கும் எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் அந்தத் தாளை அனுப்பியிருக்கார். கையெழுத்துப் போட்டுட்டு மூணு மாசம் வீட்ல இருக்கச் சொல்லு. உன் வேலை இருக்கு, சோத்துக்குப் பஞ்சமில்ல. வாயைத் திறந்தா ரெண்டும் போயிடும். திறந்துவிட்டது யாரு கை? உன் கை. அதையும் யோசிச்சுக்க."

ஏமாற்றியது இவர்கள். கை மட்டும் அவளுடையதாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, நான்தான்."

"என்ன நீதான்?"

"செவ்வாய், வெள்ளி ஏழு மணி. நான்தான் திறந்துவிட்டேன். பின்னாடி தொட்டிக்குப் போகுதுன்னு சொன்னாங்க. அங்க தொட்டியே இல்ல. எல்லாம் உங்ககிட்டதான் வந்திருக்கு. திரிஞ்ச பால்கூட."

நாத்தனார் வெங்காயம் உரித்த கையோடு எழுந்து வந்தாள். அவர் கத்தப்போகிறார் என்று டேங்க்கம்மா காத்திருந்தாள். அவர் நோட்டை எடுத்துப் பென்சிலைத் தேடினார்.

"எத்தனை சுத்து?"

"பன்னெண்டு."

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"இருபது நிமிஷம். குழி காலியாகுற வரைக்கும்."

"காஸ்டிக் எத்தனை மூட்டை?"

"மூணு. ஆசிட் தனி. கிருமி மருந்து ஒரு கேன்."

எல்லாவற்றையும் எழுதினார். எழுதி முடித்துவிட்டு நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். "கிருமி மருந்து வேறயா," என்றார் மெதுவாக. "அதுங்க இவ்வளவு நாள் தாங்கினதே பெரிசு."

"என்னை ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

"உன்னை என்ன கேக்குறது? உன்னையும்தான் ஏமாத்தியிருக்கானுங்க." அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று அதற்குமேல் அவளிடம் பேசவில்லை. அது அவள்மேல் கோபம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது.

விசாரணை வியாழக்கிழமை நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் அந்த இன்ஜினியரே உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், மூடி திறக்காமல். பூச்சிக்காரர் நோட்டை நீட்டினார். சொந்த நோட்டு ஆவணம் ஆகாது என்றார்கள். எழுதிக் கொடுத்த மூன்று கடிதங்களையும் நிலையத்துப் புக்கையும் கேட்டார். அப்படி எதுவும் கோப்பில் இல்லை என்றார்கள். அப்போது வாசலில் நின்ற டேங்க்கம்மா உள்ளே வந்துவிட்டாள்.

"நீங்க யாரு?"

"வால்வு திறந்தவ. பால் ஆலைல. நான் சொல்றதை எழுதிக்குங்க."

"இவருக்கு நீங்க என்ன உறவு?"

"சம்சாரம்."

இன்ஜினியர் மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தார். "புருஷனைக் காப்பாத்த வந்திருக்காங்க. நியாயம்தான். ஆனா இது குடும்ப விஷயம் இல்லம்மா. ஆலை சம்பந்தமா ஏதாவது இருந்தா ஆலை நிர்வாகம் எழுதித் தரணும். வெளியில இருங்க."

"ஆலை எப்படிங்க எழுதித் தரும்? திருடினவனே வந்து திருடினேன்னு எழுதித் தருவானா?"

"வார்த்தையைப் பாத்துப் பேசுங்க."

காவலாளி வந்து அவள் தோள் அருகில் கையை வைத்தான். தொடவில்லை. தொட்டிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போகவில்லை. வால்வை வேறு யாரோ திறந்திருப்பார்கள். தொட்டியில் சாவதற்கு அப்போது ஒன்றும் மிச்சமில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு டேங்கர் லாரிகள் மேற்கு ரோட்டில் போனதைப் பூச்சிக்காரர் வாசலில் நின்று பார்த்தார். வேறு ஊர் நிலையத்திலிருந்து உயிருள்ள வண்டலைக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றப்போகிறார்கள். சவ்வுகளை மாற்றியாகிவிட்டது, விதை போட்டால் மூன்று வாரத்தில் தொட்டி பிழைக்கும் என்று கூட வேலை பார்ப்பவர் சொல்லி அனுப்பியிருந்தார். பூச்சிக்காரர் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்குச் செவ்வாய்," என்றார்.

மூன்று பேருக்கும் புரிந்தது. முதலில் வாயைத் திறந்தது நாத்தனார்தான்.

"திறந்துவிடட்டும்டா. நல்லாத் திறந்துவிடட்டும். நீ வீட்ல இருக்கிறப்பவே அதுங்க மறுபடி செத்தா, நீ தூங்கலைன்னு தன்னால தெரிஞ்சுபோகும். அப்ப யார் தலைல கட்டுவாங்கன்னு பாப்போம்."

டேங்க்கம்மாவுக்கும் அது தோன்றாமல் இல்லை. லாரித் தண்ணீர் வரிசையில் சிரித்த சத்தம் காதில் கேட்டது. அந்த ஊர் இன்னும் நாற்பது நாள் குடத்தோடு நிற்கட்டும் என்று ஒரு நிமிஷம் மனசார நினைத்தாள்.

பூச்சிக்காரர் தலையை ஆட்டினார். "வேண்டாம்க்கா. அதுங்க என்ன பாவம் பண்ணிச்சு? ஆஸ்பத்திரிக்கும் அதே தண்ணிதான் போகுது. எனக்கு நல்ல பேரு வரணும்னு இன்னொரு தடவை சாகவிட முடியாது."

"உன்னை இந்த ஊரு சாகவிட்டிருக்கே."

"அது அவங்க பண்ணினது," என்றார் அவர்.

டேங்க்கம்மாவுக்கு அவர்மேல்கூடக் கோபம் வந்தது. இவ்வளவு நல்லவராக இருப்பதற்கு ஒரு அளவு வேண்டாமா. ஆனால் முடிவு அப்போதே ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஆறே முக்காலுக்கு அவள் சிவப்புச் சக்கரத்தின் நட்டைக் கழற்றி, சக்கரத்தை உருவி எடுத்தாள். இரண்டு கிலோ கனம் இருக்கும். அதைக் கைக்குள் அணைத்துக்கொண்டு மூன்றாம் நம்பர் பால் தொட்டியின் ஏணியில் ஏறி, தோளைச் சாய்த்து உள்ளே இறங்கிவிட்டாள். நேற்று அவளே கழுவிய தொட்டி. அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏழு மணிச் சங்கு ஊதியது. பத்து நிமிஷத்தில் தேட ஆரம்பித்தார்கள். மேல்வாயில் சூப்பர்வைசரின் முகம் தெரிந்தது.

"என்ன விளையாட்டு இது? குழி நிரம்புது. சக்கரத்தைக் குடு."

"பின்னாடி தொட்டிக்கு மோட்டார் வரட்டும். தரேன்."

"வெளில வா."

"நீங்க உள்ள வாங்க சார்."

அவருடைய தொப்பைக்கு அந்த வாய் போதாது. ஒல்லியான ஆளாகப் பார்த்து இரண்டு பேரை ஏற்றினார்கள். ஒருவனுக்குத் தோள் சிக்கியது. மற்றவன், "அக்காவை இழுத்துப் போட என்னால ஆகாது சார்," என்று இறங்கிவிட்டான். கீழே ஸ்பானரைப் போட்டுத் திருப்பும் சத்தம் கேட்டது. வழுக்கியது. மறுபடி வழுக்கியது. வால்வுத் தண்டின் முனை மழுங்கிப்போனதாக யாரோ சொன்னார்கள்.

சூப்பர்வைசர் திரும்ப வந்தார். முகம் வேர்த்திருந்தது. "இந்தத் தொட்டிக்குள்ள காஸ்டிக் லைனைத் திறந்துவிட்டா என்ன ஆகும் தெரியுமா உனக்கு?"

"தெரியும். திறங்க. உங்களுக்கு அதுதானே பழக்கம்."

அவள் குரல் தொட்டிச் சுவரில் பட்டுப் பெரிதாகி மேலே போனது. அவர் முகம் மறைந்தது.

குழி நிரம்பி, தரை ஓரத்துச் சாக்கடை நிரம்பி, வண்டிகள் நிற்கும் முற்றத்தில் ஏறி, வாசல் கதவுக்கு அடியில் புகுந்து தெருவுக்குப் போனது. வெளுத்த, சூடான, நுரைத்த தண்ணீர். ஆலைக்கு எதிரில்தான் லாரிக்காக ஊர் குடங்களோடு நின்றுகொண்டிருந்தது. தையற்காரியின் செருப்புக்குள் அது ஏறியதும் குதிகால் எரிந்து துள்ளினாள்.

"என்ன தண்ணிய்யா இது? தோலை உரிக்குது."

வாசல் காவலாளி வயசானவர். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். "வாரத்துல ரெண்டு நாளு உங்க சாக்கடைக் குழாய்ல போறதுதாம்மா. இன்னிக்கு அந்தம்மா திறக்க மாட்டேன்னு உட்காந்துட்டாங்க. அதான் வெளில வந்திருச்சு."

"எந்தம்மா?"

"பூச்சிக்காரர் சம்சாரம்."

தெருவில் ஊரின் சத்தம் கேட்டபின் அவள் தொட்டியை விட்டு வெளியே வந்தபோது பத்து மணி. வாசலில் இருநூறு பேர் நின்றார்கள். போலீஸ் வந்திருந்தது, நகரசபைத் தலைவர் வந்திருந்தார், இன்ஜினியர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீர் படாத இடமாகத் தேடி நின்றார். அவள் சக்கரத்தைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் வாளித் தண்ணீரில் கழுவிக்கொண்டு, கூட்டத்தின் நடுவே நடந்து வீட்டுக்குப் போனாள். வழிவிட்டார்கள்.

மூன்று மாதமாக ரிப்பேரில் இருந்ததாகச் சொன்ன மோட்டார் எட்டு நாளில் வந்தது. ஆலையின் உடைமைக்குச் சேதம் விளைவித்ததாகச் சொல்லி அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். சூப்பர்வைசரை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்குச் சம்பளம் கூடுதல் என்று கேள்வி. விதை பிழைத்துக்கொண்டது. நாலாவது வாரம் குழாயில் தண்ணீர் வந்தது. நாத்தனார் கடையைத் திறந்தாள். தையற்காரி வந்து மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. வழியில் பார்த்தால், "குழாய்ல நல்லா வருதாம்மா?" என்று மட்டும் கேட்டாள். டேங்க்கம்மா நடையை நிறுத்தவில்லை.

பூச்சிக்காரருக்கு நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. அவர் படித்துவிட்டுச் சந்தோஷமாகச் சட்டையைத் தேய்க்கப் போனார். டேங்க்கம்மா அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவரது நீண்டகாலப் பணியைக் கருதி, கருணை அடிப்படையில், அவரது கவனக்குறைவை மன்னித்து, அவர் மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்.

"சட்டையைக் கீழ வைங்க," என்றாள்.

ஆபீசில் குமாஸ்தா அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அந்த அளவுக்கு மரியாதை வந்திருந்தது. அவள் கடிதத்தை மேசையில் விரித்தாள்.

"யாரு யாரை மன்னிக்கிறது, சார்?"

"அது ஒரு முறைக்கு எழுதுறதும்மா. எல்லாக் கடிதத்துலயும் அப்படித்தான் வரும். வேலை கிடைச்சிருச்சுல்ல? ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா எடுத்துடுங்க."

அவர் உள்ளே போய் இன்ஜினியரிடம் பேசிவிட்டு வந்தார். வேறு கடிதம் அடித்து, கையெழுத்து வாங்கி வருவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. கருணையும் மன்னிப்பும் போயிருந்தன. அவள் விரலை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்துக் கடைசி வரைக்கும் வந்தாள். கடைசி வரியில், இனிமேல் விழிப்புடன் பணியாற்றுமாறு அறிவுறுத்தப்படுகிறார் என்று இருந்தது.

"இந்த இனிமேல் எதுக்கு?"

"அம்மா, ஆபீஸ் மூடுற நேரம்."

"இனிமேல்னு போட்டா, இதுக்கு முன்னாடி தூங்கினார்னு ஆகுது."

குமாஸ்தா திரும்பிப் பார்த்தார். இன்ஜினியர் அறைக் கதவைத் திறந்துகொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். கையில் வண்டிச் சாவி. இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"எடுத்துடுப்பா," என்றார் இன்ஜினியர்.

குமாஸ்தா டைப் மிஷினில் மூன்றாவது தாளை வைத்தார். டேங்க்கம்மா நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.